இரும்புக்கு வயதில்லை

கடந்த மாரி காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. ஸ்காபரோவிற் பழைய வீடொன்றை வாங்கிக் குடிபுகுந்திருந்த எம்மவர் குடும்பம் ஒன்றிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. நிலக்கீழ் அறையின் கூரைப் பலகையைக் கழற்றியபோது, எண்ணெய்த் துணியாற் சுற்றிப் பிஸ்கற் பேணி ஒன்றினுள் வைக்கப்பட்டிருந்த சிறிய கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டதாம்.

"மாஸ்ரர், பொலிசுக்குச் சொன்னா எங்களைத்தானே பிடிப்பாங்கள்? பேசாமல் லேக்கிலை எறிஞ்சுபோட்டு வரட்டோ?" என்று கேட்டார் வீட்டுக்காரர். குரல் நடுங்கியது. அவருடைய மனைவி பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, மேலங்கிகூட அணியாமல், வெளியே காரினுள் போய் அமர்ந்துவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தேன். அந்த அச்சத்தின் பொருளை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துவக்கு ஒன்றோடு ஒரே வீட்டில் அகப்படுவது என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள் நாம்.

அதனைத் தொட வேண்டாம், அறையைப் பூட்டிவிட்டுப் பொலிஸ் நிலையத்தின் வழமையான இலக்கத்துக்கு அழைத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றேன். இரு பொலிசார் வந்தனர். துப்பாக்கியைத் திறந்து, வெறுமையாக இருப்பதைக் கண்டு, விபரம் எழுதிக்கொண்டு, பற்றுச்சீட்டும் கொடுத்து எடுத்துச் சென்றனர். அரைமணி நேரத்தில் யாவும் முடிந்தது. அவர்களுள் மூத்தவர், பிடியிற் பொறிக்கப்பட்டிருந்த ஆந்தைத் தலையைக் காட்டி, "இது நூறு ஆண்டுப் பழமையானது, சேகரிப்போர் இதனைக் கண்டவுடன் இனங்காண்பர்" என்று கூறிச் சென்றார்.

வரலாறு கற்பித்த எனக்கு அந்த ஆந்தைத் தலை மனதை விட்டு அகலவில்லை. நான் பகுதிநேரப் பணிபுரியும் நூலகத்துக்கு நாளாந்தம் வரும் முதியவர் ஒருவர், கடைசல் இயந்திரத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செய்யப்பட்ட சுழல்துப்பாக்கிகளை முறையான அனுமதிப்பத்திரத்துடன் நாற்பது ஆண்டுகளாகச் சேகரித்து வருபவர். அவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நான் அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஆற்றங்கரையின் தொழில்

உருளையைச் சுழலச்செய்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் துப்பாக்கிக்குச் சாமுவேல் கோல்ட் என்பவர் 1836 ஆம் ஆண்டு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். உலோகக் கோதுடைய ரவைகளைப் பின்புறமாக இடக்கூடிய உருளையை 1857 இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1889 இல் கோல்ட் நிறுவனமும் 1896 இல் ஸ்மித் அண்ட் வெசனும் பக்கவாட்டில் வெளியே சாயும் உருளையைப் புகுத்தின. ஆகவே இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சுழல்துப்பாக்கி ஏறத்தாழ இன்றைய வடிவை அடைந்துவிட்டது எனலாம். அந்த நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளையே சேகரிப்போர் பலர் பொற்காலமாகக் கருதுகின்றனர்.

கோல்ட் தொழிற்சாலை கனெற்றிக்கட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில் இருந்தது. நீலநிறக் குமிழ்க் கோபுரம் கொண்ட அதன் கட்டடம் இன்றும் நிற்கின்றது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே, அதே கனெற்றிக்கட் ஆற்றங்கரையில், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டில் ஸ்மித் அண்ட் வெசன் இருந்தது. அந்த நிறுவனம் 2023 இலேயே தன் தலைமையகத்தை டென்னசி மாநிலத்துக்கு மாற்றியது. மலிவான துப்பாக்கிகளைப் பெருந்தொகையாகச் செய்த ஐவர் ஜோன்சன் நிறுவனம் பிற்ச்பேர்க்கிலும், ஹரிங்ரன் அண்ட் ரிச்சட்சன் வூஸ்ரரிலும் இயங்கின. இவ்விரு நகரங்களும் மசாசூசெற்சிலேயே உள்ளன.

ஓர் உறுப்பு பழுதடைந்தால் அதே அளவில் இயந்திரத்தாற் செய்யப்பட்ட வேறோர் உறுப்பைப் பொருத்தலாம் என்ற உற்பத்தி முறை வளர்ந்த இடங்களுள் இத்தொழிற்சாலைகள் முக்கியமானவை. பிரற் அண்ட் விற்னி என்ற பொறித்தொழில் நிறுவனத்தைத் தொடக்கிய இருவரும் கோல்ட் தொழிற்சாலையில் வேலை பழகியவர்கள். கடிலாக் மோட்டார் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹென்றி லேலண்டும் அங்கே பணிபுரிந்தவரே. ஐவர் ஜோன்சன் நிறுவனம் சைக்கிள்களும் செய்தது. நாம் இன்று தொழிற்சாலைகளில் நின்று செய்யும் வேலையின் வேர்களில் ஒன்று துப்பாக்கிக் கொட்டிலில் இருக்கின்றது என்பது கசப்பான உண்மை.

ஆந்தைத் தலையின் கதை

எமது நண்பரின் வீட்டிற் கிடைத்தது ஐவர் ஜோன்சன் துப்பாக்கி. ஆந்தைத் தலை அந்நிறுவனத்தின் அடையாளம். கீழே விழுந்தாலோ பின்புறச் சுத்தியலில் அடிபட்டாலோ தானாக வெடிக்காது என்பதே அதன் பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்டது. சுத்தியலைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள் என்று அந்நிறுவனம் சவால் விட்டது. விசையை முழுமையாக அழுத்தினாலன்றிச் சுத்தியலின் அடி ஊசியைச் சென்றடையாதவாறு இடையில் ஒரு சிறிய உறுப்பு அமைக்கப்பட்டிருந்தது. பொறிமுறை நல்லதுதான். ஆனால் அதை நம்பவைக்க வெளியிட்ட விளம்பரம் ஒன்றிற் சிறுமி ஒருத்தி படுக்கையில் அமர்ந்து துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் படம் இடம்பெற்றது. இன்று அதைப் பார்க்கும் எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும்.

1901 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6 ஆம் திகதி, பவலோ நகரில் நடந்த பெருங் கண்காட்சியில் அமெரிக்க ஜனாதிபதி வில்லியம் மக்கின்லி மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற லியோன் சொல்கொஸ் என்ற இளைஞன் கைக்குட்டையால் மூடிய கையோடு வந்து இருமுறை சுட்டான். எட்டு நாட்களின் பின் ஜனாதிபதி இறந்தார். கைக்குட்டைக்குள் இருந்தது .32 அளவு ஐவர் ஜோன்சன். சில நாட்களுக்கு முன்னர் அதே நகரத்துக் கடையொன்றில் நாலரை டொலருக்கு வாங்கப்பட்டது. அந்தத் துப்பாக்கி இன்று பவலோ வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளது. எம்மிற் பலர் அகதிகளாகக் கனடாவுக்குள் நுழையக் காத்திருந்த நகரம் பவலோ. அந்த நாட்களில் எமக்கு அரும்பொருளகம் பார்க்கும் மனநிலை இருக்கவில்லை. இப்போது எல்லை கடந்து செல்வோர் அதனைக் காணலாம்.

ஒரு நாட்டின் தலைவனைக் கொன்ற வகைத் துப்பாக்கி என்றபோதும், சாதாரண ஐவர் ஜோன்சன் ஒன்று அமெரிக்கச் சந்தையிற் சில நூறு டொலர்களுக்கு மேல் விலைபோவது அரிது. காரணம் எளிது: இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டது.

கைவினையின் உச்சம்

மறுபுறத்தில் அரிதானவை உள்ளன. முதியவர் மிகுந்த மரியாதையோடு பேசுவது 1908 இல் ஸ்மித் அண்ட் வெசன் வெளியிட்ட .44 அளவுத் துப்பாக்கியைப் பற்றி. உருளையை மூன்று இடங்களிற் பூட்டும் அமைப்பு அதில் இருந்ததால், சேகரிப்போர் அதனை மூன்று பூட்டுத் துப்பாக்கி என்றே அழைப்பர். மூன்றாவது பூட்டு பொறியியல் நோக்கில் அத்தனை அவசியமானதன்று. செய்வதற்கோ மிகுந்த நுட்பம் வேண்டும். "செய்ய முடியும் என்று காட்டுவதற்காகவே செய்தார்கள்" என்றார் முதியவர். 1915 இல் அந்தப் பூட்டு கைவிடப்பட்டது. அதுவரை செய்யப்பட்டவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பிரித்தானியா அவற்றிற் பல ஆயிரத்தைத் தனது .455 அளவில் வாங்கியது. போர்க்களத்துச் சேறு குழலின் கீழுள்ள உறைக்குட் புகுந்து தொல்லை தரும் என்று அதன் படையினர் அஞ்சினர்.

அக்காலத் துப்பாக்கிகளின் ஆழ்ந்த நீலநிறம் மைபூசிப் பெற்றதன்று. நன்கு மெருகூட்டிய உருக்கை உலையில் வெப்பமேற்றிப் பெற்ற நிறம் அது. மெருகூட்டியவனின் கை ஒரு கணம் தவறினாலும் விளிம்பு மழுங்கிவிடும். எலும்புக்கரியோடு சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்த உறுப்புகளில் மயிற்கழுத்து நிறங்கள் படரும். இதனாலேயே பழைய துப்பாக்கிக்குப் புதிதாக நிறமேற்றினால் அதன் மதிப்புப் பெரிதும் வீழ்ந்துவிடுகின்றது. தேய்ந்த நீலமே மெய்யான நீலம் என்பது சேகரிப்போர் கொள்கை.

கனடாவோடு தொடர்புடைய துப்பாக்கி கோல்ட் நிறுவனத்தின் நியூ சேவிஸ். 1898 இல் வெளிவந்த இந்தப் பெரிய சுழல்துப்பாக்கியை வடமேற்குக் குதிரைப்படைப் பொலிசார் 1905 அளவிலிருந்து பயன்படுத்தத் தொடங்கினர். அவர்களின் வழிவந்த ஆர்.சி.எம்.பி. பொலிசார் 1954 வரை அதனை இடையிற் சுமந்தனர்.

நியூ சேவிசின் வேறொரு வடிவம் 1917 ஆம் ஆண்டுக்குரியது. அதன் கதை பிலிப்பைன்சில் தொடங்குகின்றது. 1898 இல் ஸ்பெயினிடமிருந்து அத்தீவுகளைக் கைப்பற்றிய அமெரிக்கா, அங்கே எழுந்த எதிர்ப்பை அடக்க நீண்ட போர் புரிந்தது. தமது .38 அளவுச் சுழல்துப்பாக்கிகள் மோரோ வீரர்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். 1904 இல் கால்நடைகள் மீதும் இறந்த மனித உடல்கள் மீதும் சுட்டுப் பரிசோதித்து, .45 அளவே வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. அதன்வழி வந்ததே 1911 இற் படைக்கு வழங்கப்பட்ட, உருளையில்லாத கைத்துப்பாக்கி. 1917 ஏப்ரிலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியபோது அவை போதவில்லை. எனவே அதே ரவையைச் சுடும் சுழல்துப்பாக்கிகளைக் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெசனும் தலா ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் செய்து கொடுத்தன. அந்த ரவைக்கு விளிம்பு இல்லாததால், மும்மூன்று ரவைகளைப் பிடிக்கும் பிறைவடிவத் தகடு ஒன்று உருவாக்கப்பட்டது. பிடியின் அடியிற் கயிறு கோக்கும் வளையமும், குழலின் கீழே அமெரிக்க அரசின் சொத்து என்ற பொறிப்பும் இத்துப்பாக்கிகளின் அடையாளம்.

இவற்றை விபரிக்கும் நூல்கள் பெரும்பாலும் பொறிமுறையைப் பேசுகின்றன. எதிர்முனையில் நின்ற மோரோக்களின் பெயர்களை அவற்றிற் காண்பது அரிது. எம் போன்றோர் அந்த இடைவெளியையும் சேர்த்தே வாசிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இலக்கமும் கடிதமும்

சேகரிப்போன் முதலில் நோக்குவது அழகை அன்று, இலக்கத்தை. அக்கால ஸ்மித் அண்ட் வெசன் துப்பாக்கியிற் பிடியின் அடி, உருளையின் பின்முகம், குழலின் கீழ்ப்புறம் ஆகியவற்றில் ஒரே தொடர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். வலப்பக்கப் பிடிப்பலகையின் உட்புறத்திலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். அனைத்தும் ஒத்திருந்தால் அந்தத் துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுச் சென்ற அதே உடலோடு இருக்கின்றது என்று பொருள். ஒன்று மாறினாலும் விலை சரியும்.

அதற்கு மேலானது கடிதம். கட்டணம் செலுத்தி இலக்கத்தை அனுப்பினால், பழைய பதிவேடுகளைப் பார்த்து, இத்துப்பாக்கி இந்நாளில் இன்ன வணிகருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவார்கள். கோல்ட்டுக்கும் ஸ்மித் அண்ட் வெசனுக்கும் இவ்வசதி உண்டு. முதியவர் தம் துப்பாக்கிகளை எனக்குக் காட்டுமுன் காட்டியவை இக்கடிதங்களையே.

கடிதத்தின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: பில்லி த கிட் என்ற கொள்ளையனை 1881 இற் சுட்டுக் கொன்ற ஷெரிப் பற் கரெற்றின் கோல்ட் துப்பாக்கி 2021 ஓகஸ்டில் ஏலத்தில் 60 இலட்சம் டொலர்களுக்கு மேல் விற்கப்பட்டது. அதே வகையில், அதே ஆண்டுகளிற் செய்யப்பட்ட வேறொரு துப்பாக்கி அதன் சிறு பங்கையும் பெறாது. இரும்பு ஒன்றே, யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்ற ஆவணத் தொடரே விலையாயிற்று.

இதைக் கேட்டபோது என் உள்ளத்தில் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஓர் இரும்புத்துண்டுக்குப் பிறந்த திகதியும் சென்ற இடமும் எழுத்தில் உள்ளன. எம்மில் எத்தனை பேர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமோ காணி உறுதியோ பாடசாலைச் சான்றிதழோ இன்றி விசாரணை அதிகாரி முன் அமர்ந்திருந்தோம்! நான் கற்பித்த பாடசாலையின் வரவுப் பதிவேடுகள் கூரையோடு எரிந்தன. ஆவணத்தின் அருமையை நாம் அறிவோம். ஆகவே இந்தச் சேகரிப்போரின் கடிதப் பற்றை நான் ஏளனம் செய்யவில்லை.

எது பழமை?

ஆயினும், எந்த வயதில் ஒரு துப்பாக்கி ஆயுதமாக இருப்பதை நிறுத்திப் பழம்பொருளாகின்றது? சட்டங்கள் இதற்குத் தந்துள்ள விடைகள் சிந்திக்கத்தக்கவை.

அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் 1898 இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றையே பழம்பொருள் என்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் துப்பாக்கி எத்தனை முதியதாயினும் அந்த வரையறைக்குள் வராது. ஐம்பது ஆண்டு கடந்தவை அரும்பொருள் என்ற தனி வகுப்பிற் சேர்க்கப்பட்டு, சேகரிப்போருக்கென ஓர் அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகின்றது.

கனடாவிலோ 1898 க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அது மட்டுமன்றி, எளிதிற் கிடைக்கும் பல ரவை வகைகளைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கியாயின் அந்த வயதும் பயன்தராது. கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்தல் இங்கு 1934 முதலே கட்டாயம். குழல் 105 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ ஆனவையும், .25, .32 அளவினவும் தடைசெய்யப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவை. அதாவது, பிஸ்கற் பேணிக்குள் இருந்த அந்தச் சிறிய ஆந்தைத் தலை, பெரிய குதிரைப்படைப் பொலிஸ் துப்பாக்கியை விடக் கடுமையான தடைக்கு உட்பட்டது! சட்டைப்பைக்குள் மறையக்கூடியதே ஆபத்து மிக்கது என்பது சட்டத்தின் கணக்கு. 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் பொதுவாக நிறுத்தப்பட்டன. 2023 டிசெம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று.

பிரித்தானியாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. ரவை கிடைக்காத பழைய துப்பாக்கிகளைப் பழம்பொருளாக வைத்திருக்க அங்கு அனுமதி உண்டு. ஆனால் குற்றவாளிகள் அத்தகையவற்றை வாங்கி, ரவையைக் கையாற் செய்து பயன்படுத்தினர். எனவே 2021 இல் ஏழு ரவை வகைகள் அந்தச் சலுகைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுள் .41 கோல்ட்டும் .44 ஸ்மித் அண்ட் வெசன் ரஷ்யனும் அடங்கும்.

இதிலிருந்து நான் கற்றது இது: பழமை துப்பாக்கியைச் சாதுவாக்குவதில்லை. இரும்புக்கு வயதில்லை. அதனை அரும்பொருளாக்குவது வைத்திருப்பவனின் அறிவும் பூட்டும் பொறுப்புமே.

ஒரு முதியவரின் முடிவு

தம் வீட்டுக்கு என்னை அழைத்தபோது, முதியவர் உருக்குப் பெட்டகத்தைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றிலும் விசைப்பூட்டு இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தம் வசமிருக்கும் துப்பாக்கியாயினும், கையில் எடுத்தவுடன் உருளையைத் திறந்து ஆறு அறைகளையும் தாம் பார்த்தார். பின் எனக்குக் காட்டினார். கீழே வைத்து மீண்டும் எடுத்தபோதும் அதையே செய்தார். "வெறுமையானது என்று நினைத்த துப்பாக்கியால் இறந்தவர்கள் பலர்" என்றார்.

அவருடைய மகனுக்கு இவற்றில் நாட்டமில்லை. தனியாட்களுக்கு விற்கவும் வழியில்லை. சட்டத்தின் மீது அவருக்கு மனத்தாங்கல் உண்டு, அதை ஒளிக்கவில்லை. ஆயினும் கடிதங்களோடு சேர்த்து அனைத்தையும் ஓர் அரும்பொருளகத்துக்குக் கொடுக்க ஒழுங்கு செய்துகொண்டிருக்கின்றார். "என் கைக்கு இது ஒரு தொழிலாளியின் வேலை. அறியாத கைக்கு இது துப்பாக்கி மட்டுமே" என்று சொல்லிப் பெட்டகத்தைப் பூட்டினார்.

எமது குடும்பங்கள் பழைய வீடுகளை வாங்குகின்றன. பழம்பொருட் சந்தைகளில் அழகுக்கென்று பொருள் தேடுகின்றன. ஆகவே சில சொற்கள். இத்தகைய பொருள் அகப்பட்டாற் தொடாதீர்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், பொலிசுக்கு அறிவித்து, அவர்களே வந்து எடுக்கவிடுங்கள். காரில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவதும், ஏரியில் எறிவதும் தவறு. துருப்பிடித்ததுதானே என்று சுவரில் மாட்டவோ சந்தையில் வாங்கவோ வேண்டாம். அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். குடியுரிமை பெறாத ஒருவருக்கு ஆயுதக் குற்றத்தீர்ப்பு வதிவிட உரிமையையே ஆட்டங்காணச் செய்யலாம். உண்மையை முதலிற் சொன்ன எமது நண்பருக்கு ஒரு தொல்லையும் நேரவில்லை என்பதை நினைவிற் கொள்க.

சில வாரங்களின் பின் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். நிலக்கீழ் அறையின் கூரை திருத்தப்பட்டு, கீழே பிள்ளைகளின் படிப்பு மேசை போடப்பட்டிருந்தது. பன்னிரண்டு வயது மூத்தவன் என்னருகே வந்து, "மாஸ்ரர், அந்தத் துவக்கு ஆரையாவது சுட்டதோ?" என்று கேட்டான். நான் அவனுக்குப் பவலோவின் கதையைச் சொன்னேன். இலக்கத்தையும் கடிதத்தையும் பற்றிச் சொன்னேன். கடிதம் இல்லாத துவக்கு வாய் திறப்பதில்லை என்றும் சொன்னேன். அவன் சற்று நேரம் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அது போனது நல்லது" என்றான்.